பைகாபனேற்று 17: அப்பாவின் குளிசையை நிறுத்தலாமா?

வாசகர் கேள்வி:

எங்கட அப்பாவுக்கு 61 வயது, எடை 56 கிலோ. கமம்தான் தொழில். மூன்று வருசமாக வவுனியாவில் கிட்னி கிளினிக்குக்குப் போகிறார். கிட்னி வேலை செய்யிற அளவு 24 என்று கொப்பியில் எழுதியிருக்கு. போனமுறை பைகாபனேற்று 17, பொட்டாசியம் 5.1 என்று வந்தது. "இரத்தத்தில அமிலம் கூடிப்போச்சு" என்று சொல்லி, சோடியம் பைகாபனேற்று 500 மி.கி. குளிசை இரண்டிரண்டாக மூன்று நேரமும் தந்தவை. குடிச்சால் வயிறு ஊதுது என்று ஒரு கிழமையிலேயே அப்பா விட்டிட்டார். அது வெறும் அப்பச்சோடாதானே, கரைச்சுக் குடிச்சால் போதும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் காரத்தண்ணி மெஷின் வாங்கச் சொல்லி, தண்ணிக்குள் துளி மருந்து விட்டு நிறம் மாறுவதையும் காட்டினார். ஆர்.ஓ. வடிகட்டித் தண்ணி அமிலமாம், அதைக் குடிக்கக் கூடாதாம். அம்மா புளியையும் தேசிக்காயையும் அடியோடு நிறுத்திப்போட்டா. இப்ப வயல் வரம்பில் நடந்தாலே அப்பாவுக்கு மூச்சு வாங்குது. நாங்கள் என்ன செய்ய?

– நெடுங்கேணியிலிருந்து ஒரு மகள்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

குளிசையை அப்பா மீண்டும் தொடங்க வேண்டும். வயிறு ஊதுவதைக் குறைக்க வழி இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன். அப்பச்சோடாவும் மெஷினும் வேண்டாம். புளியையும் தேசிக்காயையும் அம்மா ஒதுக்கத் தேவையில்லை. வரம்பில் மூச்சு வாங்குவதை மட்டும் தனியாகவும் விரைவாகவும் பார்க்க வேண்டும், அதற்குக் காரணம் அமிலம் மட்டுமாக இருக்காது என்றே எண்ணுகிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏன் என்று விளங்காமல் நாளுக்கு ஆறு குளிசையை வருசக்கணக்கில் விழுங்க யாருக்கும் மனம் வராது.

குருதியின் பீ.எச். (அமிலம் கூடினால் இறங்குகிற, காரம் கூடினால் ஏறுகிற அளவு) 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த நிலையில் ஒரு லீற்றர் குருதியில் இருக்கும் ஐதரசன் அயன் 40 நனோமோல் அளவுதான். அதே லீற்றரில் சோடியம் 140 மில்லிமோல் இருக்கிறது (ஒரு மில்லிமோல் என்பது பத்து இலட்சம் நனோமோல்). ஐதரசன் அயன் அதைவிட 35 இலட்சம் மடங்கு குறைவு. இவ்வளவு நுண்ணிய அளவை உடல் விடாப்பிடியாகக் காப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐதரசன் அயன் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அவற்றின் வடிவம் மாறும். நொதியம், இதயத் தசை, நரம்பு எல்லாம் புரதத்தால் இயங்குபவை. பீ.எச். 6.8-க்குக் கீழேயோ 7.8-க்கு மேலேயோ போனால் உயிர் தரிப்பது அரிது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் உடல் ஒவ்வொரு நாளும் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அது இரண்டு வகை. ஒன்று, உணவை எரித்து வரும் காபனீரொட்சைட்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 15,000 மில்லிமோல். அளவு பெரிதானாலும் வாயு என்பதால் மூச்சோடு போய்விடும். மற்றையது மூச்சால் போகாத அமிலம். மீன், இறைச்சி, முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதத்தில் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் உண்டு. அவை உடைந்தால் கடைசியில் வருவது சல்பூரிக் அமிலம். இந்த வகை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமோல் சேரும். அப்பாவுக்கு 56 மில்லிமோல். எண் சிறிதாகத் தெரியலாம். தடுப்பு எதுவும் இல்லாமல் அது உடல் நீரில் கரைந்தால் ஒரே நாளில் பீ.எச். 3-க்குக் கீழே போய்விடும்.

அப்படி நடக்காமல் முதலில் தடுத்து நிற்பது குருதியில் உள்ள பைகாபனேற்று. அமிலம் வந்த நொடியிலேயே அதனோடு சேர்ந்து நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு பைகாபனேற்று செலவாகிவிடுகிறது. சுகமான ஒருவருக்கு லீற்றருக்கு 24 மில்லிமோல் (22 முதல் 26 வரை) இருக்கும். அப்பாவிடம் இருப்பது 17. கிளினிக்கில் "அமிலம் கூடிப்போச்சு" என்றது இந்தக் குறைவைத்தான்.

பைகாபனேற்று 30 வீதம் குறைந்தும் அப்பா எழுந்து வயலுக்குப் போகிறார் என்றால், அதற்கு நுரையீரல் காரணம். பீ.எச். பைகாபனேற்றை மட்டும் பொறுத்ததல்ல, பைகாபனேற்றுக்கும் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. சுகமான நிலையில் அது 20-க்கு 1. பைகாபனேற்று குறைந்ததை மூளையின் அடிப்பகுதியிலும் கழுத்து நாடியிலும் உள்ள உணரிகள் அறிந்து, மூச்சைச் சற்று ஆழமாக்கி, காபனீரொட்சைட்டைக் கூடுதலாக வெளியேற்றுகின்றன. குருதியில் காபனீரொட்சைட்டின் அழுத்தம் எவ்வளவுக்குக் குறையும் என்பதற்கு வைத்தியர்கள் பாவிக்கும் கணக்கு ஒன்று உண்டு: பைகாபனேற்றை ஒன்றரையால் பெருக்கி 8-ஐக் கூட்டுவது. 17-க்கு அது 33.5 வருகிறது. வழமையான அளவு 40. இப்படி நுரையீரல் ஈடுகொடுத்தால் அப்பாவின் பீ.எச். ஏறக்குறைய 7.33-இல் நிற்கும். ஈடுகொடுக்காவிட்டால் 7.25-க்கு இறங்கியிருக்கும். பீடி, சுருட்டு, பழைய நெஞ்சு வருத்தம் ஏதாவது இருந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லச் சொல்வது இதனால்தான். நுரையீரல் பழுதானவருக்கு இந்த ஈடு கிடைக்காது.

ஆனால் நுரையீரல் செய்வது தற்காலிகச் சமாளிப்பு. சல்பூரிக் அமிலத்தை அதனால் வெளியேற்ற முடியாது, செலவான பைகாபனேற்றைத் திரும்ப உண்டாக்கவும் முடியாது. அந்த இரண்டும் சிறுநீரகத்தின் வேலை. அப்பாவின் பிரச்சினை அங்கேதான்.

சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் நீரை வடிக்கிறது. அதனோடு 4,300 மில்லிமோல் பைகாபனேற்றும் வடிகிறது. அநேகமாக முழுவதையும் சிறுநீர்க் குழாய்கள் மீட்டெடுத்துவிடும். அது முதல் வேலை. இரண்டாவது, அன்றைய அமிலத்தை வெளியே தள்ளி அதே அளவு புதுப் பைகாபனேற்றைக் குருதிக்குக் கொடுப்பது. சிறுநீரை எவ்வளவு அமிலமாக்கினாலும் பீ.எச். 4.5-க்குக் கீழே இறங்காது. அந்தச் சிறுநீரில் தனி ஐதரசன் அயன் லீற்றருக்கு 0.03 மில்லிமோல் அளவுதான் கரைந்திருக்கும். அப்படியே கழிப்பதானால் அப்பா தினமும் 1,700 லீற்றருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டிவரும். ஆகவே சிறுநீரகம் அமிலத்தை வேறொன்றில் ஏற்றி அனுப்புகிறது. ஒரு பகுதி பொசுபேற்றில் ஏறிப் போகும். பெரும்பகுதி அமோனியத்தில். குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து அமோனியத்தைச் சிறுநீரகமே தயாரிக்கிறது. சுகமான சிறுநீரகம் தேவை வந்தால் சில நாட்களுக்குள் இந்தத் தயாரிப்பைப் பல மடங்கு கூட்டிவிடும்.

அப்பாவின் சிறுநீரகம் வேலை செய்யும் அளவு 24 என்றால் வேலை செய்யும் நுண்குழாய்கள் அவ்வளவு குறைந்துவிட்டன. எஞ்சியவை தம்மால் இயன்ற மட்டும் அமோனியம் தயாரித்தாலும் மொத்தம் போதாது. மதவாச்சி, பதவியா பக்கத்திலும் வவுனியாவின் சில பகுதிகளிலும் கமக்காரருக்கு வருகிற சிறுநீரக நோய், குழாய்களையும் அவற்றைச் சுற்றியுள்ள இழையத்தையுமே முதலில் தாக்குகிறது. அமிலத்தை ஏற்றி அனுப்பும் வேலை நடப்பது அந்தக் குழாய்களில்தான். அந்த நோயில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது, கால் வீக்கமும் தொடக்கத்தில் இராது. அதனால் ஒன்றுமில்லை என்று நம்பி கிளினிக்கைத் தவறவிடுபவர்கள் உண்டு.

கழிக்கப்படாத அமிலம் எங்கே போகிறது? எலும்புக்குப் போகிறது. எலும்பில் உள்ள காபனேற்றையும் பொசுபேற்றையும் எடுத்து உடல் அமிலத்தை ஈடுசெய்கிறது, கூடவே கல்சியமும் கரைந்து சிறுநீரில் போகிறது. தசைக்கும் போகிறது: அமிலம் கூடிய உடலில் தசைப் புரதம் வேகமாக உடைகிறது. மண்வெட்டி பிடித்த கை மெலிந்துபோவதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது. பொட்டாசியமும் ஏறும். மாதக்கணக்கில் நடக்கிற இந்தச் சேதத்தில் நோவு எதுவும் தெரியாது. குளிசையை விட்டுவிட்டும் அப்பா "ஒண்டும் செய்யேல்லையே" என்று சொல்லக்கூடும். எனக்குக் கவலை தருவது அதுதான்.

இனிக் குளிசைக்கு வருவோம். 84 மி.கி. சோடியம் பைகாபனேற்று 1 மில்லிமோல். 500 மி.கி. குளிசை ஒன்று ஏறக்குறைய 6. ஆறு குளிசை 36. நாளுக்கு உண்டாகும் 56-இல் சிறுநீரகம் கழிக்கத் தவறும் பங்கை ஈடுசெய்ய இந்த அளவு பொருத்தமானதே. சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டிகள் 2012-இல் பைகாபனேற்று 22-க்குக் கீழ் வந்தாலே மருந்து என்றன. 2024-இல் 18-க்குக் கீழே விழவிடக் கூடாது என்பதை வலியுறுத்தின. இரண்டில் எதை எடுத்தாலும் 17-க்கு மருந்து தேவை.

வயிறு ஊதுவது உண்மைதான். இரைப்பை அமிலத்தில் பட்டதும் குளிசை வாயுவைக் கக்கும். இரண்டு குளிசை ஒரேயடியாக முழுவதும் தாக்கமுற்றால் கிட்டத்தட்ட 300 மி.லீ. வாயு வரும். ஆகவே ஆறையும் மூன்று நேரமாக விழுங்காமல் ஒவ்வொன்றாக ஆறு தடவைக்குப் பிரிக்கலாம். அல்லது முதல் கிழமை ஒன்று ஒன்றாக மூன்று நேரம் தொடங்கி, இரண்டு மூன்று கிழமையில் முழு அளவுக்கு ஏறலாம். இதைக் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், மறுக்க மாட்டார்கள். வயிறு முட்டச் சோறு சாப்பிட்ட கையோடு விழுங்க வேண்டாம். சற்று நேரம் விட்டு விழுங்கினால் சுகமாக இருக்கும். இரும்புச்சத்துக் குளிசையும் குடிக்கிறார் என்றால் இரண்டுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள், சேர்ந்து போனால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. ஆறு குளிசையிலும் ஏறக்குறைய 800 மி.கி. சோடியம் இருக்கிறது. எனவே கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை ஒன்றரை இரண்டு கிலோ ஏறினாலோ, பிரஷர் கூடினாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் இந்த வீட்டில் நன்றாகக் குறைய வேண்டும். அந்தச் சோடியத்துக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை.

அப்பச்சோடாவும் இந்த மருந்தும் இரசாயனத்தில் ஒன்றுதான். உங்கள் சொந்தக்காரர் அதில் பிழை சொல்லவில்லை. சிக்கல் அளவில் இருக்கிறது. மட்டமாக ஒரு தேக்கரண்டி 5 கிராம் வரை வரும், அது பத்துக் குளிசை. குவித்து எடுத்தால் அதையும் தாண்டும். ஒரேயடியாக அவ்வளவு போனால் குருதி காரப் பக்கம் சாய்ந்து, கை கால் விறைப்பு, தசைப் பிடிப்பு, இதயத் துடிப்பில் குழப்பம் வரலாம். நிறைந்த வயிற்றில் பெருமளவு அப்பச்சோடா குடித்து இரைப்பை வெடித்த சம்பவங்களும் மருத்துவத்தில் பதிவாகியுள்ளன. இன்னொரு ஆபத்து, கடையில் பேக்கிங் பவுடரை மாறி வாங்கிவிடுவது. அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். பலவற்றில் அந்த அமில உப்பு பொசுபேற்று. சிறுநீரக நோயாளிக்கு அது நேரே கெடுதல்.

மெஷின் பற்றி எழுதும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. கிளினிக்குக்கு பஸ் காசு தேடுகிற குடும்பங்களிடம் இதை விற்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். பீ.எச். 9 உள்ள தண்ணீரில் லீற்றருக்கு இருக்கும் காரம் 0.01 மில்லிமோல். ஒரு குளிசைக்கு ஈடாக 600 லீற்றர் குடிக்க வேண்டும். நிறம் மாறுவது உண்மை. அந்தத் துளி மருந்து ஒரு பீ.எச். காட்டிதான்; தண்ணீரின் பீ.எச். மாறினால் அதன் நிறமும் மாறத்தான் செய்யும். அதற்கும் குருதிக்கும் தொடர்பில்லை. கடதாசிப் பட்டியைச் சிறுநீரில் தோய்த்துக் காட்டுவதும் அப்படியே. அமிலச் சிறுநீர் என்றால் சிறுநீரகம் அமிலத்தை வெளியே தள்ளுகிறது என்று பொருள். ஆர்.ஓ. தண்ணீர் பீ.எச். 6 ஆக இருந்தாலும் பயமில்லை. அதில் அமிலம் லீற்றருக்கு 0.001 மில்லிமோல். அப்பா அதையே குடிக்கட்டும்.

புளிக்கும் தேசிக்காய்க்கும் வருவோம். நாக்குக்குப் புளிப்பாக இருப்பது குருதியை அமிலமாக்கும் என்பது சரியல்ல. தேசிக்காயின் சிற்றிக் அமிலம் உடலில் எரிந்து நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் போய்விடும். அதில் உப்பாக இருக்கும் சிற்றேற்று பைகாபனேற்றாகவே மாறும். சொதிக்குப் பிழியும் அரைத் தேசிக்காயாலும் குழம்புக்குக் கரைக்கும் சிறு உருண்டைப் புளியாலும் அப்பாவுக்குக் கேடில்லை. உப்பைக் குறைத்த கறிக்கு ருசி கொடுக்க தேசிக்காய் உதவும், அதற்காகவே நான் விரும்பிச் சொல்வேன். உண்மையில் அமிலச் சுமையைக் கூட்டுவது மீனும் இறைச்சியும். அதற்காகப் பட்டினி போடவும் கூடாது. இந்த எடைக்கு நாளுக்கு 45 கிராம் புரதம் போதும். கையளவு மீன் துண்டு ஒன்று, முட்டை ஒன்று, கொஞ்சம் பருப்பு, மிச்சம் சோற்றிலிருந்தே கிடைத்துவிடும். இரவுக்கும் இறைச்சி வேண்டாம். மரக்கறி கூடட்டும்: புடலங்காய், கத்தரி, வெண்டி, பீர்க்கு.

ஆனால் பொட்டாசியம் 5.1 இருக்கிறபடியால் "காய்கனி காரம், எவ்வளவும் சாப்பிடலாம்" என்ற பேச்சு அப்பாவுக்குப் பொருந்தாது. ஒரு பெரிய இளநீரில் ஒரு கிராம் அளவில் பொட்டாசியம் இருக்கலாம். வெயிலில் வேலை செய்துவிட்டு இளநீர் வெட்டிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டியது அதைத்தான். வாழைப்பழம், மரவள்ளி, கீரை குறைய வேண்டும். மரவள்ளியையும் கீரையையும் நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் ஓரளவு குறையும். தமரத்தங்காயும் விளிம்பிக்காயும் மட்டும் முற்றாக வேண்டாம். அவற்றில் உள்ள ஒக்சலேற்று சிறுநீரகத்தில் படிந்து ஒரே தடவையில் அதை நிறுத்தக்கூடும்.

இனி மூச்சு. பைகாபனேற்று 17-இல் நுரையீரல் கொடுக்கும் ஈடு சிறிது, பொதுவாக நோயாளிக்கே தெரியாது. வரம்பில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சிறுநீரகம் குறைந்தால் குருதி உற்பத்திக்கான ஹோர்மோனும் குறைந்து இரத்தச்சோகை வரும். அடுத்தது, உடலில் நீர் தேங்குவது. இரவில் மட்டமாகப் படுக்க முடியாமல் தலையணை கூட்டுகிறாரா, இருமல் வருகிறதா, காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பாருங்கள். இதயத்தையும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. இந்த வாரத்துக்குள் போங்கள். அமிலம் மிகவும் கூடியவரின் மூச்சு வேறு மாதிரி இருக்கும்: சும்மா இருக்கும்போதே ஆழமாக, ஒழுங்காக, நிற்காமல். 1874-இல் குஸ்மௌல் என்ற ஜெர்மன் வைத்தியர் எழுதிவைத்த மூச்சு இது. அப்படி மூச்சோடு தூக்கக் கலக்கம், சிறுநீர் குறைதல், கை கால் சோர்ந்து விழுதல் ஏதாவது சேர்ந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

வயிற்றோட்டம் வந்தால் கவனம். மலத்தோடு பைகாபனேற்று பெருமளவில் போய்விடும், 17 இரண்டு நாளில் 10-க்குப் போகலாம். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) தொடங்கலாம், அதில் உள்ள சிற்றேற்று உடலில் பைகாபனேற்றாக மாறும். ஆனால் லீற்றருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியமும் அதில் இருப்பதால், வீட்டில் வைத்து நாள் கணக்கில் கொடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாந்தி மட்டும் என்றால் எதிர்மாறு: இரைப்பை அமிலம் போய் பைகாபனேற்று ஏறும், அப்போது குளிசையைத் தொடர்வதா என்று வைத்தியரைக் கேளுங்கள். பிரஷருக்கு லொசாட்டன், எனலாப்றில் போன்றவை குடிக்கிறாரென்றால் அந்த நாட்களில் அதையும் கேட்க வேண்டும். முதுகு நோவுக்குக் கடையில் டைக்குளோபெனக் வாங்கிக் குடிப்பது இனி இல்லை. நோவுக்குப் பனடோல், வைத்தியர் சொன்ன அளவில். சீனி வருத்தம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்து மெற்போமின் குடிப்பவரானால், சிறுநீரகம் வேலை செய்யும் அளவு 24 ஆக இருக்கையில் அது நிறுத்தப்பட வேண்டிய மருந்து.

குளிசையைத் திரும்பத் தொடங்கி முழு அளவுக்கு வந்து மூன்று நான்கு கிழமையில் பைகாபனேற்றும் பொட்டாசியமும் மறுபடி பார்க்க வேண்டும். 22-ஐ அண்மித்தால் போதும், 26-ஐத் தாண்டக் கூடாது. எண் திடீரென்று மிகக் குறைவாக வந்தால் குருதி எடுத்தது எப்படி என்றும் கேளுங்கள். மூடியைத் திறந்து நெடுநேரம் வைத்த குழாயிலிருந்து காபனீரொட்சைட்டு பறந்து, பைகாபனேற்று உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். கையை இறுகக் கட்டி, பொத்திப் பொத்தி விரித்து எடுத்த குருதியில் பொட்டாசியம் கூடுதலாக வரும். குருதி எடுக்கும்போது கையைத் தளர்வாக விடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். குடிக்கும் எல்லா மருந்தின் பக்கற்றுகளையும், கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள். குளிசையை ஒரு கிழமையில் விட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், ஆறு குளிசைக்கும் எண் ஏறவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள்.